மக்கர் பண்ணும் காரை விட மனசு வராதது ஏன்?

கேள்வி: என் கணவரின் கார் இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது ஒர்க் ஷாப்புக்குப் போய்விடுகிறது. விற்றுவிடலாம் என்றால், "இப்பதானே புது கிளட்ச் போட்டேன்" என்கிறார். கணக்கில் புலி அவர். இதில் மட்டும் ஏன் இப்படி?

பதில்: கணக்கில் புலிகள்தான் இதில் சுலபமாக மாட்டுவார்கள். போட்ட காசு ஒவ்வொன்றும் நினைவில் நிற்கும் அல்லவா! ஆர்க்ஸ், புளூமர் என்ற இரு ஆய்வாளர்கள் 1985-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நாடக அரங்கின் சீசன் டிக்கெட்டைச் சிலருக்கு முழு விலைக்கும், சிலருக்குத் தள்ளுபடியிலும் கொடுத்தார்கள். எல்லாருக்கும் அதே நாடகங்கள்தான். ஆனால் சீசனின் முதல் பாதியில், முழு விலை கொடுத்தவர்களே அதிக தடவை வந்தார்கள். காசு வீணாகிவிடக் கூடாதே என்ற தவிப்பு. கிளட்சுக்குக் கொடுத்த பணம், காரை வைத்திருந்தாலும் விற்றாலும் திரும்பாது. அடுத்த 12 மாதத்தில் எதெல்லாம் செலவு வைக்கும் என்று எழுதச் சொல்லுங்கள்; பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.

ஆனாலும் அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அந்தக் காரின் சத்தம் அவருக்கு அத்துப்படி. காலையில் ஸ்டார்ட் செய்ததும், இன்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் செயின் ஒரு நொடி கலகலத்து அடங்கினால், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்கு ஆயில் பிரஷர் ஏறுவதற்குள் வந்த சத்தமாக இருக்கும். இன்ஜின் சூடான பிறகும் தொடர்ந்தால், டென்ஷனரோ, செயினுக்கு வழிகாட்டும் கைடோ தேய்ந்திருக்கலாம். புதிதாக ஓட்டுபவர் காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பி.எம்.டபிள்யூ.வின் என்47 டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். செயின் தகராறுக்குப் பெயர் போனது. செயின் இருப்பதோ இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி. மாற்றுவது பெரிய வேலை. அதை முழுசாகச் செய்து முடித்தவர் வண்டியை விற்றுவிட்டு, செயின் மாற்றாத இன்னொன்றை வாங்கினால் அதே வரிசையில் மறுபடி கடைசியில் போய் நிற்க வேண்டியதுதான். எனவே உங்கள் கணவரிடம் ஒன்று கேளுங்கள்: கிளட்சுக்காகக் கியர்பாக்ஸை இறக்கியபோது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும், இன்ஜினின் சுழல் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீலையும் பார்த்தார்களா? பார்த்திருந்தால் அந்தப் பக்கம் கொஞ்ச காலம் நிம்மதி.

கேள்வி: ரேட்டிங்கில் கடைசியில் இருக்கும் கார்களை வைத்திருப்பவர்கள், "எனக்கு ஒன்றுமே ஆகவில்லையே" என்கிறார்களே, யார் சொல்வது சரி?

பதில்: இருவரும். கார்களுக்கு ரேட்டிங் தரும் ஜே.டி. பவர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆய்வில் 100 வண்டிக்கு எத்தனை பிரச்சினை என்று எண்ணுகிறார்கள். ப்ளூடூத் இணையாததும் அதில் ஒன்று, கியர்பாக்ஸ் போவதும் ஒன்று. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க நுகர்வோர் அமைப்பின் கணக்கில் இன்ஜின், கியர்பாக்ஸ் கோளாறுகளுக்கு எடை அதிகம். ஆக, எண்ணைப் பார்ப்பதற்கு முன் எந்தப் பாகத்தில் என்று பாருங்கள். இன்னொன்று, நொந்துபோனவர்கள் எப்போதோ விற்றுவிட்டுப் போயிருப்பார்கள். பத்து வருடம் கழித்துப் புகழ்பாட மிச்சமிருப்பவர், நல்ல வண்டி வாய்த்தவர் அல்லது ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்.

கேள்வி: என் பழைய எஸ்.யூ.வி.யில் ஏர் சஸ்பென்ஷனுக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரசர் இரண்டு முறை போய்விட்டது. காயில் ஸ்பிரிங்குக்கு மாறுவதா, விற்பதா? மனசு கேட்கவில்லை.

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம். பெரும்பாலும் கம்ப்ரசர் தானாகச் சாவதில்லை. எங்கோ காற்று கசிய, அதை ஈடுகட்ட ஓயாமல் ஓடி எரிந்துபோகிறது. லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3 வைத்திருப்பவர்கள் பலர் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

சமதரையில் நிறுத்தி, நான்கு மூலையிலும் சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதுங்கள். சஸ்பென்ஷன் ஃப்யூஸைக் கழற்றிவிடுங்கள். இதைத்தான் பலரும் மறப்பார்கள். ஃப்யூஸ் இருந்தால், சில வண்டிகள் நின்றபடியே மற்ற மூலைகளையும் இறக்கிச் சமப்படுத்திவிடும், குற்றவாளி தப்பித்துவிடுவான். 12 மணி நேரம் கழித்து மறுபடி அளங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்த ஏர் ஸ்பிரிங் (காற்று நிரம்பிய ரப்பர் பை) அல்லது அதன் குழாய் இணைப்பு. ஒரே ஆக்ஸிலின் இரு பக்கமும் சமமாக இறங்கினால், காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வ் பிளாக் மேல் சந்தேகம். பிறகு ஃப்யூஸைப் போட்டு வண்டியை உயர்த்தி, ரப்பர் மடியும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும். ஸ்டாண்ட் வைக்காமல் அடியில் தலையை நுழைக்காதீர்கள், காற்று இறங்கினால் பாடி மேலே உட்கார்ந்துவிடும்.

ஏர் ஸ்பிரிங்கை ஒரே ஆக்ஸிலுக்கு இரண்டாக மாற்றுவது நல்லது. கம்ப்ரசரோடு, அதற்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயையும் மாற்றினார்களா என்று பில்லில் பாருங்கள். கான்டாக்ட் ஒட்டிக்கொண்ட ரிலே, புது கம்ப்ரசரையும் நிற்காமல் ஓடவிட்டுக் கொன்றுவிடும். டிரையரும் அப்படியே, அதிலுள்ள ஈரம் உறிஞ்சும் மணிகள் பொடியானால் வால்வை அடைக்கும். காயில் ஸ்பிரிங் போட்டால் உயரம் ஏற்றி இறக்கும் வசதி போய்விடும், எச்சரிக்கை விளக்கை அணைக்கத் தனி வேலை. அந்த வசதிக்காகத்தானே இந்த வண்டியின் மேல் இத்தனை பிரியம்?

கேள்வி: மாஸ்டா ஆர்.எக்ஸ்-8 என்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் மேல் ஆசை. எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். வாங்கலாமா?

பதில்: 9,000 ஆர்.பி.எம். வரை வழுக்கிக்கொண்டு ஏறும் அந்த ரோட்டரி இன்ஜினுக்காக (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழல்வது) மனிதர்கள் பொறுத்துக்கொள்வது நிறைய. ஆயிலை அது எரிப்பது கோளாறு அல்ல. ரோட்டரின் முனைகளில் உள்ள அபெக்ஸ் சீல் தேயாமலிருக்க இன்ஜினே கொஞ்சம் ஆயிலை அறைக்குள் விடுகிறது. இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒரு முறையாவது டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு பார்க்கும் பழக்கம் இல்லாதவருக்கு இந்தக் கார் ஒத்துவராது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பத்தடி நகர்த்தி உடனே அணைத்தால் பெட்ரோல் தேங்கி மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கலாம். இக்னிஷன் காயில்களும் சீக்கிரம் பலவீனமாகும்.

வாங்குமுன் இன்ஜினை நன்றாகச் சூடாக்கி அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். இழுத்து இழுத்துச் சுற்றினால் கம்ப்ரெஷன் (அறைக்குள் காற்றை அழுத்தும் திறன்) போயிருக்கலாம். கம்ப்ரெஷன் அளக்கும் சாதாரண கேஜ், ரோட்டரின் மூன்று பக்கங்களில் அதிகமாக உள்ளதை மட்டும் காட்டி ஏமாற்றும். ரோட்டரிக்கென உள்ள டெஸ்டரில், இரண்டு ரோட்டருக்கும் சேர்த்து ஆறு எண்கள் வாங்குங்கள். 250 ஆர்.பி.எம்.மில் எந்த எண்ணும் 680 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருந்தால், இன்ஜின் திறக்கும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். சோதனைக்கே விற்பவர் சம்மதிக்காவிட்டால் வேறு வண்டி பாருங்கள்.