ஒடித்துப் பார்த்தீர்களா? பழப்பொடி கேள்வி பதில்

18 ஆண்டுகளாக நெல்லி, மாங்காய், ஏத்தங்காய் (நேந்திரங்காய்) ஆகியவற்றை உலர்த்திப் பொடியாக்கி விற்று வருகிறேன். பொடி தொடர்பாக எது வேண்டுமானாலும் கேளுங்கள். எந்த மிக்ஸி வாங்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி (திண்டுக்கல்): நெல்லிக்காயை நறுக்கி நான்கு நாள் வெயிலில் காயவைத்தேன். அரைத்தால் மாவாகாமல் ஜாரின் அடியில் அப்பிக்கொள்கிறது. மிக்ஸியின் வேகம் போதவில்லையா?

பதில்: மிக்ஸியின் மேல் பழி போடாதீர்கள். ஒரு துண்டை எடுத்து ஒடித்துப் பாருங்கள். டக்கென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது, வளைந்தால் காயவில்லை. வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு பார்க்கக் கூடாது, முழுக்க ஆறவிட்டுப் பார்க்க வேண்டும். சூட்டில் நன்றாகக் காய்ந்த துண்டும் வளையும்.

நான்கு நாள் என்பதெல்லாம் கணக்கே இல்லை. தடித்த துண்டில் மேல்பக்கம் விறைத்துப்போய், நடுவில் ஈரம் ஒளிந்திருக்கும். அடுத்த முறை துருவிக் காயவையுங்கள். இரும்புத் துருவி வேண்டாம், நெல்லியின் துவர்ப்பு இரும்பைத் தொட்டால் கறுத்துவிடும். அரைக்கும்போது ஜாரில் கால் பங்குக்கு மேல் போடாமல், பத்து விநாடி ஓட்டி நிறுத்துங்கள். சலித்த பின் நிற்கும் கப்பியை அடுத்த ஈட்டுடன் சேருங்கள். 10 கிலோ காய் வாங்கினால் ஒன்றரைக் கிலோவுக்குள்தான் பொடி தேறும். அதற்கு மேல் வந்தால் மகிழ வேண்டாம், மிச்சம் தண்ணீர்.

கேள்வி (நாகர்கோவில்): ஏத்தங்காய் அருமையாகப் பொடியாகிறது. ஏத்தன்பழத்தை எவ்வளவு காயவைத்தாலும் பிசுபிசுக்கிறது. இரண்டும் ஒரே வாழைதானே?

பதில்: வாழை ஒன்றுதான், உள்ளே இருக்கும் சரக்கு வேறு. காயில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாகிவிடுகிறது. மாவுச்சத்து அரிசியைப் போல உடையும். சர்க்கரையின் குணமே வேறு.

பஞ்சுமிட்டாயைத் திறந்து வைத்துப் பார்த்திருப்பீர்கள். முதலில் மொறுமொறுப்பு, அரை மணியில் சுருங்கிப் பிசினாகிவிடும். காய்ந்த பழத்தின் சர்க்கரையும் அப்படித்தான்: கண்ணாடிபோல விறைத்து நிற்கும், சூடு ஏறினால் இளகிவிடும். அந்த இளகும் வெப்பநிலை ஒவ்வொரு சர்க்கரைக்கும் வேறு. சுத்தமாக உலர்ந்த நிலையிலேயே சுக்ரோஸ் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டித்தான் இளகும். குளுக்கோஸுக்கு 31 டிகிரி போதும். ஃப்ரக்டோஸுக்கோ ஏறத்தாழ 5 டிகிரி. துளி ஈரம் சேர்ந்தால் இந்த எண்கள் இன்னும் கீழே இறங்கும். நம் ஊர்ச் சமையலறை 30 டிகிரிக்குக் குறைவதே அபூர்வம். அதற்கு மேல் மிக்ஸி ஜார் வேறு சூடேறுகிறது. பழம் எப்படிப் பொடியாக நிற்கும்?

தொழிற்சாலைகள் இதற்காகத்தான் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொருளைக் கலந்து உலர்த்துகின்றன. ‘பழப்பொடி’ என்று முகப்பில் எழுதிய பொட்டலத்தின் பின்பக்கத்தையும் ஒருமுறை படியுங்கள். வீட்டில் பழப்பொடிதான் வேண்டும் என்றால், உலர்ந்த பழத்துடன் வறுத்து ஆறிய பொட்டுக்கடலையைச் சேர்த்து அரையுங்கள். சுமாராக வரும்.

கேள்வி (ஈரோடு): பேரீச்சம்பழப் பொடி செய்வது எப்படி?

பதில்: மேலே சொன்னதேதான். மெத்தென்ற பழம் பொடியாகாது. கல் போன்ற உலர் பேரீச்சையை உடைத்து, கொட்டை நீக்கி, சீவி, மறுபடி காயவைத்து அரைத்தால் ரவை பதத்துக்கு வரும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் செய்யுங்கள்.

கேள்வி (சென்னை): அரைப்பதற்கு முன் ஃப்ரீசரில் வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், காற்றுப் புகாத டப்பாவில். எடுத்தவுடன் அரைத்து, மூடியைத் திறக்காமல் ஜார் அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள். உங்கள் ஊர்க் காற்றில் குளிர்ந்த பொடியைத் திறந்தால், குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல அதுவும் வியர்த்துவிடும். வளைகிற துண்டை ஃப்ரீசர் காப்பாற்றாது. முதலில் ஒடித்துப் பாருங்கள்.

கேள்வி (மதுரை): சர்க்கரை நோய்க்கு நாவல்கொட்டைப் பொடி எத்தனை ஸ்பூன்?

பதில்: உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். நான் பொடி அரைப்பவன்.

கேள்வி (தஞ்சாவூர்): நெல்லியை வெயிலில் போடுவதே தவறு. நிழலில் உலர்த்தினால்தான் வைட்டமின் சி தங்கும் என்பது உங்களுக்குத் தெரியாதா?

பதில்: தெரிந்ததால்தான் வெயிலைச் சொல்கிறேன். வைட்டமின் சியை வெப்பமும் வெளிச்சமும் மட்டுமல்ல, காற்றும் அழிக்கும். நிழலில் ஒரு வாரம் கிடந்தால் ஒரு வாரமும் காற்று தின்னும். ஐப்பசி ஈரத்தில் உங்கள் ஊர்த் திண்ணையில் போட்டால் சத்துக்கு முன்னால் பூஞ்சை வந்து உட்காரும். மெல்லிய வெள்ளைத் துணி மூடி, வெயிலில் விரைவாகக் காயவைப்பது மேல். உலர்த்தும் கருவி இருந்தால் 55 முதல் 60 டிகிரியில் வையுங்கள்.

கேள்வி (கோவை): இந்த வாதமே வீண். நெல்லியின் வைட்டமின் சி எந்தச் சூட்டிலும் அழியாது என்று எங்கள் பாட்டி காலத்திலிருந்து சொல்கிறார்கள்.

பதில்: அழியாது என்பது மிகை. துவர்ப்புப் பொருள்கள் அதை ஓரளவு காக்கின்றன. மற்ற பழங்களைவிட இழப்பு குறைவு, அவ்வளவுதான். அளவிலேயே குழப்பம் உண்டு. பழைய இந்திய உணவு அட்டவணையில் 100 கிராம் நெல்லிக்கு 600 மில்லிகிராம் என்றிருந்தது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையில் 252தான்.

கேள்வி (தஞ்சாவூர், மீண்டும்): அப்படியானால் உங்கள் பொடியில் சத்து குறைவு என்று ஒப்புக்கொள்கிறீர்கள்!

பதில்: பச்சைக் காயைவிடக் குறைவு என்று தாராளமாக ஒப்புக்கொள்கிறேன். வைட்டமின் சி மட்டுமே குறி என்றால் காயைக் கடித்துத் தின்னுங்கள். எனக்கு வியாபாரம் போனாலும் பரவாயில்லை. காய் கிடைக்காத மாதங்களுக்குத்தான் பொடி. தங்கள் திண்ணைக்கு என் வணக்கம். அடுத்தவர்.

கேள்வி (விழுப்புரம்): பொடி பாட்டிலில் கட்டி தட்டுகிறது.

பதில்: சூடு ஆறாமல் மூடினீர்கள், அல்லது ஈரக் கரண்டி போட்டீர்கள், அல்லது வற்றலை ஒடித்துப் பார்க்கவில்லை.

கேள்வி (சேலம்): வீட்டில் உப்பு மாங்காய் வற்றல் நிறைய இருக்கிறது. வடநாட்டு ஆம்சூர் போல அரைக்கலாமா?

பதில்: கூடாது. ஆம்சூர் என்பது உப்பு போடாத மாங்காயின் பொடி. உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். அரைத்த மறுநாளே சேறு. உங்கள் வற்றலைக் குழம்பில் போடுங்கள், அதற்குத்தான் அது.

கேள்வி (வேலூர்): நெல்லிப் பொடி கட்டியாகிறது, என்ன செய்ய?

பதில்: விழுப்புரத்தாரைக் கேளுங்கள்.

கேள்வி (திருச்சி): மருந்துக்குக் கடுக்காய் அரைக்கிறேன். எவ்வளவு நைசாக இருக்க வேண்டும்?

பதில்: கொட்டையை நீக்கிவிட்டீர்கள் அல்லவா? ‘கடுக்காய்க்கு அகநஞ்சு, சுக்குக்குப் புறநஞ்சு’ என்பது பழைய பேச்சு. சித்த மருத்துவத்தில் வஸ்திரகாயம் என்பார்கள்: பாத்திரத்தின் வாயில் துணி கட்டி, பொடியைத் தூவித் தேய்த்து இறக்குவது. கடைச் சல்லடை என்றால் அங்குலத்துக்கு 80 கண் உள்ளது, அதாவது ஒரு கண்ணின் அகலம் சுமார் 180 மைக்ரான். விரலிடுக்கில் தேய்த்தால் நெறுநெறுப்பு தெரியாது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு சலியுங்கள். நான் முதல் வருடம் கட்டாமல் சலித்து, மூன்று நாள் தும்மினேன்.

கேள்வி (காரைக்குடி): எத்தனை முறை அரைத்தாலும் கடைசியில் ஒரு பிடி கப்பி நிற்கிறது. கொட்டிவிடலாமா?

பதில்: கடுக்காய்க் கப்பி என்றால் கொட்டுங்கள். நெல்லிக் கப்பி என்றால் கால் மணி நேரம் மோரில் ஊறவைத்து, தேங்காய், பச்சை மிளகாயுடன் அரைத்துக் கடுகு தாளியுங்கள். எங்கள் வீட்டில் இந்தப் பச்சடிக்காகவே நான் கொஞ்சம் சோம்பலாகச் சலிப்பதுண்டு.