மூன்று நட்சத்திரம் வாங்கிய விமானத்தில் ஏறலாமா?

சிறிய விமான நிறுவனங்களின் பாதுகாப்பு மதிப்பீட்டைப் பற்றி ஆறு வாசகர்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் எழுதியிருப்பதால், இம்முறை கேள்வி – பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: அடுத்த மாதம் எழுபது இருக்கைகள் கொண்ட ஒரு விமானத்தில் நான் பயணம் செய்தாக வேண்டும். அந்த நிறுவனத்துக்கு ஓர் இணையதளம் ஏழுக்கு மூன்று நட்சத்திரமே கொடுத்திருக்கிறது. வேறொரு தரவரிசையில் அதன் பெயரே இல்லை. பயணச்சீட்டை ரத்து செய்யுமாறு என் மகன் வற்புறுத்துகிறான். இந்த மதிப்பீடுகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்: உங்கள் மகனின் கவலையில் தவறில்லை, அவர் அந்த நட்சத்திரங்களைப் படித்த விதத்தில்தான் சிக்கல். ஏழுக்கு மூன்று என்றதும், பரீட்சையில் தேறாத மாணவனின் மதிப்பெண் பட்டியல் நம் கண்முன் வந்துவிடுகிறது. ஏர்லைன்ரேட்டிங்ஸ் போன்ற தளங்களின் நட்சத்திரங்கள் அப்படிச் சேர்பவை அல்ல. அண்மை ஆண்டுகளில் உயிர்ச்சேதமுள்ள விபத்து நேர்ந்ததா, ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப்பட்டியலில் பெயர் இருக்கிறதா, ஐயோசா தணிக்கையில் தேறிய சான்று உண்டா என்பன போன்ற 'ஆம் – இல்லை' கேள்விகளே அவற்றின் அடிப்படை. ஆகவே உங்கள் நிறுவனம் இழந்த நட்சத்திரங்களுள் தேர்வில் தோற்று இழந்தவை எத்தனை, தேர்வே எழுதாததால் இழந்தவை எத்தனை என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஐயோசா என்பது உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா 2003ஆம் ஆண்டு தொடங்கிய தணிக்கை முறை. விமானிகளின் பயிற்சி, பராமரிப்பு, சரக்கு கையாளுதல், தரைப்பணி என ஒரு நிறுவனத்தின் எல்லாத் துறைகளையும் இரண்டாண்டுக்கு ஒருமுறை அலசிப் பார்க்கும் அந்தத் தணிக்கை, ஐயாட்டாவில் உறுப்பினராக விரும்பும் நிறுவனத்துக்குக் கட்டாயம்; மற்றவர்களுக்கு விருப்பத்தைப் பொறுத்தது. பெரிய நிறுவனங்களுடன் கூட்டு ஒப்பந்தம் செய்துகொள்ள அந்தச் சான்று பெரிதும் உதவும் என்பதால் பன்னாட்டு நிறுவனங்கள் அதைத் தேடிப் பெறுகின்றன. உள்நாட்டில் நான்கைந்து சிற்றூர்களுக்கு மட்டும் பறக்கும் நிறுவனமோ, அதற்கு ஆகும் செலவையும் ஆள்பலத்தையும் கணக்குப் பார்த்து, 'நம் நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொடுத்த உரிமம் போதும்' என்று இருந்துவிடுகிறது. 5,700 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள விமானங்களை மட்டுமே வைத்திருப்பவர்கள் விரும்பினாலும் ஐயோசாவுக்குள் நுழைய முடியாது. அவர்களுக்கென்று ஐயாட்டா தனியாக ஓர் எளிய மதிப்பீட்டு முறையை வைத்திருக்கிறது. நட்சத்திரத் தளத்தைப் பார்க்கும் பயணிக்கு இந்த வேறுபாடுகள் எவையும் தெரிவதில்லை.

அதற்காக அந்தச் சான்று வெறும் காகிதம் என்றும் சொல்லிவிட முடியாது. ஐயாட்டாவின் கணக்குப்படி 2024ஆம் ஆண்டில் ஐயோசா பதிவு பெற்ற நிறுவனங்களில் பத்து லட்சம் பயணங்களுக்கு 0.92 விபத்துகளும், பதிவு பெறாதவற்றில் 1.70 விபத்துகளும் நேர்ந்தன. உயிர்ச்சேதமில்லாத விபத்துகளும் இவற்றுள் அடக்கம். வேறுபாடு கண்கூடானது. ஆனால் வீட்டை ஏற்கெனவே ஒழுங்காக வைத்திருப்பவர்தான் தணிக்கையாளரைத் தாமே வாசலுக்கு அழைப்பார் என்பதையும் இதில் சேர்த்தே எண்ண வேண்டும்.

நீங்கள் சொல்லும் இரண்டாவது தரவரிசை எதுவென்று எழுதவில்லை. ஜெர்மனியின் ஜாக்டெக் போன்ற அமைப்புகள், விபத்துகளை நிறுவனம் பயணிகளைச் சுமந்து சென்ற மொத்தக் கிலோமீட்டரோடு ஒப்பிட்டுக் குறியீடு தயாரிக்கின்றன. விமான விபத்துகளில் பெரும்பாலானவை புறப்படும்போதும் தரையிறங்கும்போதுமே நேர்கின்றன. 3,000 கிலோமீட்டரை ஒரு பெரிய ஜெட் ஒரே மூச்சில் கடந்துவிடும். 300 கிலோமீட்டர் தடத்தில் ஓடும் சிறிய விமானம் அதே தூரத்துக்குப் பத்து முறை ஏறி, பத்து முறை இறங்க வேண்டும். கிலோமீட்டரால் அளந்தால் சிறியவர் தோற்கத்தான் செய்வார்.

மூன்று நட்சத்திரம் என்ற ஒன்றை மட்டும் வைத்து நானாக இருந்தால் சீட்டை ரத்து செய்ய மாட்டேன். போன நான்கும் எதற்காகப் போயின என்று பார்ப்பேன். தடைப்பட்டியலாலோ அண்மை விபத்தாலோ போயிருந்தால் உங்கள் மகனின் பக்கம் சேர்ந்துகொள்வேன்.

கேள்வி: பத்து ஆண்டுகளாக ஒரு விபத்துகூட இல்லை என்று ஒரு நிறுவனம் விளம்பரம் செய்கிறது. எந்த மதிப்பீட்டையும் விட இது வலுவான சான்று அல்லவா?

பதில்: பெரிய நிறுவனத்துக்கு ஓரளவு வலுவான சான்றுதான். சிறிய நிறுவனத்துக்கு அல்ல. ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

அந்த நிறுவனம் நாளொன்றுக்கு 40 பயணங்களை இயக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டில் அது ஏறத்தாழ 1,46,000 பயணங்கள். 2024இல் உலகம் முழுவதும் நடந்த சுமார் 4 கோடியே 6 லட்சம் பயணங்களில் உயிர்ச்சேதமுள்ள விபத்துகள் ஏழு. அதாவது ஏறக்குறைய 58 லட்சம் பயணங்களுக்கு ஒன்று. நம் நிறுவனம் இந்தச் சராசரியைவிடப் பத்து மடங்கு மோசமானது என்றே கொள்வோம். அப்போதும் 5,80,000 பயணங்களுக்கு ஒரு விபத்துதான் எதிர்பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட நிறுவனம் 1,46,000 பயணங்களை எந்த விபத்தும் இல்லாமல் முடிப்பதற்கான வாய்ப்பு 100க்கு 77 அல்லது 78. பத்து மடங்கு மோசமாக நடத்தப்படும் நிறுவனமும், நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட வாய்ப்போடு, 'பத்தாண்டில் விபத்தே இல்லை' என்று நேர்மையாகவே விளம்பரம் செய்துகொள்ளலாம்.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். இதே அளவுள்ள, உலகச் சராசரித் தரமுள்ள நாற்பது நிறுவனங்களை எடுத்துக்கொண்டால், அவற்றுள் ஒன்றுக்குப் பத்தாண்டில் விபத்து நேரலாம் என்று கணக்கு சொல்கிறது. நேர்ந்த மறுநாளே அது தரவரிசையின் அடிமட்டத்துக்குப் போய்விடும். மற்ற முப்பத்தொன்பதும் மேலே நிற்கும். அவற்றுக்கிடையே உண்மையில் இருந்த வேறுபாடு அதிர்ஷ்டம் மட்டுமாக இருந்திருக்கலாம்.

எனவே விபத்து நேர்ந்ததா என்பதைவிட, நேர்ந்த பிறகு வெளிவந்த விசாரணை அறிக்கை நிறுவனத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. பன்னாட்டு வான்போக்குவரத்து உடன்படிக்கையின்படி அத்தகைய அறிக்கைகள் குற்றம் சுமத்துவதற்காக அல்லாமல், அடுத்த விபத்தைத் தடுப்பதற்காக எழுதப்படுபவை. 2023 ஜனவரி 15 அன்று நேபாளத்தின் பொக்காராவில் எட்டி ஏர்லைன்ஸின் ஏடிஆர் 72 விழுந்து, அதிலிருந்த 72 பேரும் உயிரிழந்தனர். தரையிறங்கும் நேரத்தில் ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடக்குத் தகட்டை) இறக்குவதற்கான நெம்புகோலுக்குப் பதிலாக, அருகிலிருந்த சுழலிகளின் நெம்புகோல்கள் தவறுதலாக நகர்த்தப்பட்டன; இரண்டு சுழலிகளும் உந்துவிசை தராத நிலைக்குப் போய்விட்டன. எஞ்சின்கள் ஓடிக்கொண்டே இருந்தன, விமானத்தை முன்னே தள்ள ஒன்றும் இல்லை. அந்த விமான நிலையம் திறக்கப்பட்டு அப்போது இரண்டு வாரமே ஆகியிருந்தது. ஒரு கை அரை அடி தள்ளிப் போனதையும், அதைச் சில விநாடிகளுக்குள் கண்டுபிடிக்கும் பழக்கம் காக்பிட்டுக்குள் இருந்ததா இல்லையா என்பதையும் எந்த நட்சத்திரம் சொல்லும்?

கேள்வி: என் பயணச்சீட்டில் புகழ்பெற்ற ஒரு பெரிய நிறுவனத்தின் பெயரும் சின்னமும் இருக்கின்றன. அதன் மதிப்பீட்டையே நான் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

பதில்: அவசரப்பட வேண்டாம். சீட்டை விற்பவர் ஒருவர், விமானத்தை இயக்குபவர் இன்னொருவர் என்பது பிராந்திய வான்போக்குவரத்தில் வெகு சாதாரணம். முன்பதிவுப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'இயக்குபவர்' என்று ஒரு வரி இருக்கும். பல விமானங்களில் கதவுக்கு அருகே அதே பெயர் உள்ளங்கை அகலத்தில் எழுதப்பட்டிருக்கும். படிக்கட்டில் ஏறும்போது ஒரு முறை திரும்பிப் பாருங்கள். நீங்கள் தேட வேண்டிய பெயர் அதுதான்.

2009 பிப்ரவரி 12 இரவு அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே விழுந்த விமானத்தின் பயணிகள், கான்டினென்டல் என்னும் பெரிய நிறுவனத்தின் 'கான்டினென்டல் கனெக்‌ஷன்' என்ற பெயரில் சீட்டு வாங்கியவர்கள். இயக்கியது கோல்கன் ஏர் என்னும் பிராந்திய நிறுவனம். விமானத்தின் வேகம் குறைந்து எச்சரிக்கைக் கருவி அதிர்ந்தபோது, முன்னே தள்ள வேண்டிய கட்டுப்பாட்டுத் தண்டை விமானி பின்னே இழுத்தார். துணை விமானி முந்தைய இரவு நாட்டின் மறுகோடியிலிருந்து பயணம் செய்து பணிக்கு வந்திருந்தார். விமானத்திலிருந்த 49 பேரும் தரையிலிருந்த ஒருவரும் மாண்டனர். உயிரிழந்தவர்களின் குடும்பத்தினர் விடாமல் போராடியதன் பலனாக 2010இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது: உண்மையில் இயக்கும் நிறுவனத்தின் பெயரைச் சீட்டு விற்கும்போதே தெரிவிக்க வேண்டும், துணை விமானிக்குப் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும். அதற்கு முன்பு 250 மணி நேரத்திலேயே ஒருவர் துணை விமானியாகி விடலாம்.

2024 ஆகஸ்ட் 9 அன்று பிரேசிலின் வின்யேடோவில் விழுந்து 62 பேரைப் பலிகொண்ட வோபாஸ் விமானத்துக்கும் லாத்தம் என்னும் பெரிய நிறுவனத்தின் வழியாகச் சீட்டு வாங்கியவர்கள் இருந்தனர். அடுத்த ஆண்டு மார்ச்சில் வோபாஸின் சேவைகளை அந்நாட்டு ஆணையம் நிறுத்திவைத்தது.

பெரிய நிறுவனங்கள் தம் பெயரில் பறக்கும் கூட்டாளிகளைச் சோதிக்காமல் விடுவதில்லை. அந்தச் சோதனைக்கு ஒரு மதிப்பு உண்டு. பெயரைக் கடன் கொடுப்பவரின் நட்சத்திரங்களும் சேர்ந்தே கடன் போவதில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப்பட்டியல், அமெரிக்காவின் நாடுகளுக்கான தரப்பிரிவு ஆகிய இரண்டில் எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம், இரண்டும் என்ன அளக்கின்றன என்று தெரிந்துகொண்டால். அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகம் 1992 முதல் தருவது நாடுகளுக்கான மதிப்பீடு. முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு என்பது அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் தன் வேலையைச் சரியாகச் செய்கிறதா என்பதைத்தான் குறிக்கிறது. அமெரிக்காவுக்குப் பறக்கும் அல்லது அமெரிக்க நிறுவனங்களோடு கூட்டு வைத்திருக்கும் நிறுவனங்களின் நாடுகளே அதன் கணக்கில் வரும். தாய்லாந்து 2015 டிசம்பரில் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டு, 2025 ஏப்ரலில்தான் மீண்டும் முதல் பிரிவுக்கு வந்தது. அத்தனை ஆண்டுகளும் அந்நாட்டின் எல்லா நிறுவனங்களும் ஒரே அளவுக்கு மோசமாக இருந்தன என்று அதற்குப் பொருளில்லை.

2006இல் தொடங்கிய ஐரோப்பியப் பட்டியல் தனி நிறுவனங்களையும் தடை செய்யும், ஒரு நாட்டின் எல்லா நிறுவனங்களையும் ஒட்டுமொத்தமாகவும் தடை செய்யும். இந்தோனேசியாவின் நிறுவனங்கள் அனைத்தும் 2007இல் அதில் சேர்க்கப்பட்டு, சில மட்டும் 2009 முதல் விடுவிக்கப்பட்டு, 2018 ஜூனில் எஞ்சியவையும் நீக்கப்பட்டன. நேபாள நிறுவனங்கள் 2013 டிசம்பரில் மொத்தமாகச் சேர்க்கப்பட்டன. விமான நிலையங்களை நடத்துவதும் விமான நிறுவனங்களைக் கண்காணிப்பதும் அங்கே ஒரே ஆணையத்தின் கையில் இருந்தது நெடுங்காலக் குறை.

பிராந்திய நிறுவனங்களைப் பொறுத்தவரை இந்த நாட்டு மதிப்பீடுகள் நட்சத்திரங்களைவிடப் பயனுள்ளவை என்பது என் கருத்து. பெரிய நிறுவனத்தைப் பல நாட்டு ஆய்வாளர்களும் கூட்டு நிறுவனங்களும் மாறி மாறிச் சோதிப்பார்கள். உள்நாட்டுச் சிறு நிறுவனத்தின் பட்டறைக்குள் நுழைந்து பராமரிப்புப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் அதிகாரம் உள்ளூர் ஆய்வாளர் ஒருவருக்குத்தான் உண்டு. அவர் திறமையானவரா, அவருக்குப் பின்னால் அரசு நிற்கிறதா என்பதே அங்கே முழு விஷயமும்.

கேள்வி: சுழலி வைத்த விமானம் என்றாலே பழைய தொழில்நுட்பம்தானே?

பதில்: இல்லை. டர்போபிராப் விமானத்தின் உள்ளே இருப்பதும் ஜெட் வகையைச் சேர்ந்த டர்பைன் எஞ்சின்தான். குறுகிய தூரத்துக்கு அது எரிபொருளை மிச்சப்படுத்துகிறது. அவற்றின் விபத்து விகிதம் ஜெட் விமானங்களைவிடக் கூடுதலாக இருப்பது உண்மை. குட்டையான ஓடுபாதை, மலைப்பகுதி, வழிகாட்டும் கருவிகள் குறைந்த விமான நிலையம் ஆகிய இடங்களுக்கு அனுப்பப்படுபவை அவையே என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: நான் சென்ற சிறிய விமானம் மூடுபனியில் இரண்டு முறை தரையிறங்க முயன்று, மூன்றாவது முறை முயலாமல் புறப்பட்ட ஊருக்கே திரும்பிவிட்டது. உடன் வந்த பலர் இணையத்தில் அந்த நிறுவனத்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். சரிதானே?

பதில்: விமானியின் முடிவுக்காகக் கொடுத்திருந்தால் சரியில்லை. கருவிகளின் துணையோடு தரையிறங்கும்போது, குறித்த உயரத்துக்கு வந்தும் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் மீண்டும் மேலேறிவிட வேண்டும் என்பது விதி. திரும்பிச் செல்லவோ வேறு விமான நிலையத்துக்குப் போகவோ தேவையான எரிபொருள் அதற்காகவே ஏற்றப்படுகிறது. கால அட்டவணை குலையும், செலவு கூடும், பயணிகள் திட்டுவார்கள் என்று தெரிந்தும் ஒரு சிறு நிறுவனத்தின் விமானி மூன்றாவது முறை முயலாமல் திரும்பினார் என்றால், அலுவலகத்திலிருந்து அவருக்கு நெருக்கடி இல்லை என்று நான் ஊகிப்பேன். வெளியிலிருந்து பயணிக்குப் பாதுகாப்பு கண்ணில் படும் அரிய தருணங்களில் அது ஒன்று. பயணிகள் போடும் நட்சத்திரங்களோ இருக்கை, உபசரிப்பு, நேரந்தவறாமை ஆகியவற்றையே அளப்பவை. பாதுகாப்பு நட்சத்திரங்களோடு அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

திரும்பி வந்த பிறகு எந்த விவரமும் சொல்லாமல் ஆறு மணி நேரம் உட்கார வைத்தார்கள் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு வேண்டுமானால் தாராளமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.