சபையில் சனம் கேள்வி கேட்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்கள் ஒழுங்கையில் மாரிக்கு முழங்காலளவு வெள்ளம் நிற்கும். போன மாதம் பிரதேச சபை அமர்வைப் பார்க்கப் போயிருந்தேன். ஓர் உறுப்பினர் எழும்பி, அந்த ஒழுங்கைக்குக் கிறவல் போட்டு வேலை முடிந்துவிட்டது என்கிறார். பொறுக்கமுடியாமல் நானும் எழும்பி, "இல்லை ஐயா, ஒரு லோட் கிறவல்கூட வரவில்லை" என்றேன். இருக்கச் சொல்லிவிட்டார்கள். இன்னொருதரம் கதைத்தால் வெளியே போகவேண்டி வருமாம். வரி கட்டுகிறவனுக்கு வாய் திறக்க உரிமை இல்லையா?
– வலிகாமத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: இப்போதைக்கு இல்லை. பிரதேச சபைகள் நடப்பது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ். அமர்வில் கதைப்பது உறுப்பினர்கள். சனம் பார்வையாளர் பகுதியில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான். அமர்வின் ஒழுங்கைக் காப்பது தவிசாளர். உங்கள் ஒழுங்கையை யார் காப்பது என்பதுதான் பிரச்சினை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். நீங்கள் எழும்பிச் சொன்னதை அன்று முழுச் சபையும் கேட்டிருந்தாலும் அதால் பெரிய பிரயோசனம் வந்திராது. உறுப்பினர் சொன்னது கூட்டறிக்கையில் ஏறியிருக்கும், நீங்கள் சொன்னது ஏறியிராது. ஆறு மாதம் கழித்து யாராவது கோப்பை எடுத்துப் பார்த்தால் உங்கள் ஒழுங்கைக்குக் கிறவல் போட்டாயிற்று என்றுதான் இருக்கும். நான் ஒருகாலத்தில் பத்திரிகைக்காக இப்படியான அமர்வுகளில் மாதக்கணக்காகக் குந்தியிருந்தவன். தலைக்கு மேலே மின்விசிறி கிறீச்சிட, முதல் வேலையாகப் போன மாதக் கூட்டறிக்கையை உறுதிப்படுத்துவார்கள். ஒருவர் முன்மொழிய, தாளை நிமிர்ந்தும் பாராமல் இன்னொருவர் வழிமொழிய, அரை நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு சண்டை பிடிக்க இரண்டு மணித்தியாலம் இருக்கும். பிழையைப் பிழை என்று எழுத வைக்கக்கூடிய இடம் அந்த அரை நிமிடம்தான். அதனால் அடுத்த அமர்வுக்கு முன்னம் உங்கள் வட்டார உறுப்பினரின் வீட்டுக்குப் போங்கள், ஒழுங்கையின் படத்தைத் திகதியோடு காட்டுங்கள், கூட்டறிக்கையை உறுதிப்படுத்தும்போதே ஆட்சேபம் தெரிவிக்கச் சொல்லுங்கள். அவரும் மறுத்தால் எதிர்த் தரப்பில் ஒருவர் சந்தோசமாகச் செய்வார்!

கேள்வி: பொதுமக்களுக்குக் கேள்வி நேரம் கொடுத்தால் சபை மீன் சந்தை ஆகிவிடாதா? கட்சிக்காரர் ஆளனுப்பிக் கூச்சல் போட வைப்பார்களே.
– நல்லூர் வாசகர்

பதில்: மீன் சந்தையைக் குறைத்துச் சொல்லாதீர்கள், அங்கே ஏலம் கூறுகிறவருக்கு ஒரு முறை உண்டு, விலை படிந்தால் பேச்சு முடிந்தது. சபைகளில் வெளிநடப்பு, கூச்சல், ஒழுங்குப் பிரச்சினை எல்லாம் சனம் வாய் திறக்காமலே நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

சரி, உங்கள் பயம் பொய்யில்லை. மைக்கைக் கொடுத்து "யாராவது கேளுங்கோ" என்று விட்டால் தொண்டை பெரியவர்தான் கேட்பார். ஆகவே எழுத்தில் கேட்கவேண்டும். அமர்வுக்கு ஒரு கிழமை முன்னதாகச் செயலாளரிடம் கேள்வியைக் கொடுத்து, கிடைத்ததற்குக் கையெழுத்து வாங்கவேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு கேள்வி, அதுவும் சபையின் வேலையைப் பற்றி. அயல்வீட்டு வேலிச் சண்டையும் கந்தோர் ஊழியரின் சொந்த விசயமும் வேண்டாம். தவிசாளர் பதில் சொன்ன பிறகு கேட்டவருக்கு ஒரேயொரு துணைக்கேள்வி. மொத்தம் அரை மணித்தியாலம், நேரம் போதாமல் மிஞ்சியவற்றுக்கு இரண்டு கிழமைக்குள் கடிதத்தில் பதில். கேள்வியும் பதிலும் கூட்டறிக்கையோடு சேரவேண்டும், இந்தக் கடைசி விசயத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இங்கிலாந்தில் பல சபைகளில் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது. அங்கே 1960ஆம் ஆண்டுச் சட்டமொன்று சபைக் கூட்டங்களுக்குச் சனத்தையும் பத்திரிகைக்காரரையும் விடவேண்டும் என்று சொன்னது. அதைக் கொண்டுவந்தவர் அப்போது புதிதாக நாடாளுமன்றம் போயிருந்த மார்கரட் தட்சர். அந்தச் சட்டம் வாசலைத்தான் திறந்தது, கேள்வி நேரத்தை அந்தந்தச் சபைகள் தங்கள் நடைமுறை விதிகளில் வைத்துக்கொண்டன. இங்கேயும் கொழும்பைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. அமர்வு தொடங்க அரை மணித்தியாலம் முன்னதாகத் தவிசாளர் அதே மண்டபத்தில் சனத்தைச் சந்தித்து, கேட்டதையும் சொன்னதையும் தன் அறிக்கையாகச் சபையில் வைத்தால், அதுவும் கூட்டறிக்கைக்குள் வந்துவிடும். மனம் உள்ள தவிசாளர் அடுத்த மாதமே தொடங்கலாம்.

கேள்வி: சபை இல்லாத காலத்தில் செயலாளர் நன்றாகத்தானே நடத்தினார்? குப்பை ஒழுங்காக எடுபட்டது. உறுப்பினரும் வேண்டாம், கேள்வி நேரமும் வேண்டாம்.
– சாவகச்சேரி வாசகர்

பதில்: குப்பை எடுபட்டது என்றால் சந்தோசம். ஆனால் 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, காசில்லை என்று தேர்தல் தள்ளிப்போய், 2025 மே 6ஆம் திகதி வாக்குப்போடும் வரை இரண்டு வருடத்துக்கு மேல் நீங்கள் போய் இருந்து பார்க்க ஓர் அமர்வுகூட இருக்கவில்லையே. அந்தத் தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றமே சொன்னது. நல்ல செயலாளர் வாய்த்தது உங்கள் அதிர்ஷ்டம். அவருக்கு இடமாற்றம் வந்திருந்தால் யாரிடம் போய்க் கேட்டிருப்பீர்கள்?

கேள்வி: நான் தோட்டத்தில் கூலி வேலை. அமர்வு வேலைநாளில் காலமை வைக்கிறார்கள், போனால் அன்றைய சம்பளம் போச்சு. போனாலும் அத்தனை பேருக்கு முன்னால் எழும்பிக் கதைக்க எனக்கு ஏலாது. என்னைப் போன்றவர்களுக்கு இந்தக் கேள்வி நேரத்தால் என்ன?
– புன்னாலைக்கட்டுவன் வாசகி

பதில்: இந்த மாதம் வந்த கடிதங்களில் மிக நல்ல கேள்வி உங்களுடையது, அக்கா. எழுத்தில் கேட்கும் முறை முதலில் உங்களுக்குத்தான் உதவும். வாசிகசாலையிலோ சனசமூக நிலையத்திலோ ஒரு பெட்டி வைத்து, விழும் கேள்விகளைச் செயலாளர் சபையில் வாசிக்கலாம். கேட்டவர் நேரில் வரவேண்டும் என்ற நிபந்தனை கூடாது. பதிலை அதே வாசிகசாலைப் பலகையில் ஒட்டினால், பின்னேரம் வேலை முடிந்து போகிற வழியில் பார்த்துவிடலாம். 2018 தேர்தலோடு சபைகளில் நாலில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று வந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் சபையின் பெண் உறுப்பினர் ஒருவரை மாதர் சங்கக் கூட்டத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுக் கதைத்துப் பாருங்கள், எழும்பிக் கதைக்கத் தேவையில்லை, பாயில் இருந்தே கேட்கலாம்.

கேள்வி: நான் கனடா வந்து முப்பது வருடம். ஊரில் காணி இருக்கிறது. நானும் சபையிடம் கேள்வி கேட்கலாமா?
– ஸ்காபரோ வாசகர்

பதில்: சோலைவரி கட்டிய துண்டு இருக்கிறதா? இருந்தால் கடிதம் எழுதுங்கள், நான் தவிசாளர் என்றால் பதில் போடுவேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம் மட்டும் இலங்கைப் பிரசைக்கு உரியது, குடியுரிமையை விட்டிருந்தால் அந்த வழியில் ஊரிலுள்ள உங்கள் தங்கச்சி கேட்கட்டும்.

கேள்வி: கேள்வி நேரம் வரும்போது வரட்டும். இன்றைக்கு எனக்கு ஒரு வீதியின் மதிப்பீடு தெரியவேண்டும். வழி என்ன?
– பருத்தித்துறை வாசகர்

பதில்: முதலில் அது யாருடைய வீதி என்று பாருங்கள். ஏ, பி வகுப்பு என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, சி, டி வகுப்பு என்றால் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம், உள்வீதியும் ஒழுங்கையும் பெரும்பாலும் உள்ளூர்ச் சபையினுடையவை. பாதிக் கேள்விகள் பிழையான கந்தோருக்குப் போய்த்தான் செத்துப்போகின்றன.

பிறகு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்தக் கந்தோரின் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் கொடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலைநாளுக்குள் அவர் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் கொழும்பிலுள்ள ஆணைக்குழு. "ஏன் வேலை நடக்கவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்கு ஒரு பந்திச் சமாளிப்புத்தான் வரும். "இந்த வீதிக்கான மதிப்பீட்டின் பிரதி, ஒப்பந்தகாரருக்குக் கொடுத்த காசு, கொடுத்த திகதி" என்று தாளாகக் கேளுங்கள்.

கேள்வி: கேள்வி நேரம் வந்தால் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி?
– மானிப்பாய் வாசகர்

பதில்: எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு மதகு. ஒரு பக்கம் இடிந்து கம்பி வெளியே தெரிகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த இடம் வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போவார்கள். இரண்டு பேர் வந்து மதிப்பீட்டுக்கு அளந்தார்கள், டேப்பின் மற்ற முனையைப் பிடித்தது நான்தான். பதினொன்றரை அடி. அந்தப் பதினொன்றரை அடி எழுதிய தாள் இப்போது எந்த மேசையில் கிடக்கிறது என்று கேட்பேன்.