ஆணுறை கிழிந்தது... பத்தாம் நாள் எச்.ஐ.வி. டெஸ்ட் போதுமா?

கேள்வி: வயது 22. எனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு. மூன்று வாரம் முன்பு உறவின்போது ஆணுறை கிழிந்துவிட்டது. நான்தான் ஏற்கும் நிலையில் இருந்தேன். பத்தாம் நாள் நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. சோதனை மையம்) டெஸ்ட் எடுத்தேன், 'நெகட்டிவ்'. இனி பயமில்லையா? (வாசகர், சேலம்)

பதில்: இப்போதே அப்படிச் சொல்ல முடியாது, தம்பி. விரல் நுனியில் ரத்தமெடுத்துச் செய்யும் அந்தச் சோதனை, உடலில் உருவாகும் எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. அது தென்பட மூன்று வாரம் முதல் மூன்று மாதம்வரை ஆகலாம். பத்தாம் நாள் என்பது ரொம்பச் சீக்கிரம்.

ஆறு வாரம் முடிந்ததும், கை நரம்பில் ரத்தமெடுத்து ஆய்வகத்தில் செய்யும் 'நான்காம் தலைமுறை' சோதனை (எதிர்ப்பொருளோடு வைரஸின் ஒரு பகுதியையும் தேடுவது) எடுங்கள். 90 நாள் முடிந்ததும் நம்பிக்கை மையத்தில் மறுபடி ஒருமுறை. இடையில் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு, கழுத்தில் நெறி கட்டுதல் வந்தால், நடந்ததை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வைரஸையே தேடும் சோதனை தேவைப்படலாம். அதுவரை ஆணுறை கட்டாயம், ரத்ததானம் வேண்டாம். சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி சோதனைகளையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள்.

இனி ஒருமுறை இப்படி நேர்ந்தால், அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஏ.ஆர்.டி. மையத்துக்கோ (எச்.ஐ.வி. மருந்து தரும் மையம்) ஓடுங்கள். தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் பலனைக் குறைக்கும். சோப்புத் தண்ணீர் விட்டு உள்ளே கழுவாதீர்கள். மெல்லிய சவ்வு புண்ணாகி, ஆபத்து கூடும்.

ஏன் கிழிந்தது என்றும் யோசியுங்கள். தேங்காய் எண்ணெய், வாசலின் தடவினால் ரப்பர் சில நிமிடங்களிலேயே வலுவிழக்கும். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட (water-based) ஜெல் மட்டும் போதும், தாராளமாகவே போடுங்கள்.

கேள்வி: ஆணோடு உறவுகொள்ளும் எங்களுக்குத்தான் எச்.ஐ.வி. அதிகம் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், மதுரை)

பதில்: எண்ணிக்கை உண்மைதான். 2021 தேசியக் கண்காணிப்பில், ஆணோடு உறவுகொள்ளும் ஆண்களில் நூற்றுக்கு 3.26 பேருக்குத் தொற்று இருந்தது. நாட்டின் வயது வந்தோரில் அது 0.2 அளவுதான். ஆசனவாய்ச் சவ்வு மிக மெல்லியது. தொற்றுள்ளவர் மருந்து எடுக்காத நிலையில், ஆணுறையின்றி ஏற்பவருக்கு ஒருமுறைக்கு ஆபத்து 10,000-இல் சுமார் 138. பெண்ணுறுப்பு வழி ஏற்பவருக்கு 8. சிறிய வட்டத்துக்குள்ளேயே இணையும்போது, ஒருவரின் தொற்று வேகமாகப் பரவும். வலியே இல்லாத சிபிலிஸ் புண்ணும் வழி திறந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட நாங்கள் அஞ்சுவது, 'வீட்டுக்குத் தெரிந்துவிடும்' என்று சோதனைக்கே போகாமல் இருப்பதை. மருந்தைத் தவறாமல் எடுத்து, வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடிப்பவரிடமிருந்து உறவு வழியாகத் தொற்று பரவாது. சோதனையே செய்யாதவரிடமிருந்தும், மருந்தை ஒழுங்காக எடுக்காதவரிடமிருந்தும்தான் பரவுகிறது. திருமணமான இருபாலீர்ப்பு ஆண்கள், மனைவியை நினைத்தாவது இதைத் தள்ளிப்போட வேண்டாம். 2017 எச்.ஐ.வி. தடுப்புச் சட்டப்படி, உங்கள் சம்மதமின்றிச் சோதிக்கவோ, முடிவை வெளியிடவோ கூடாது. சந்தேகமிருந்தால் 1097-க்கு அழையுங்கள், கட்டணமில்லை.