பானட்டில் விழும் கூரை விளக்கை என்ன செய்வது?

கேள்வி: 2025 ஜனவரியில் டெல்லி பாரத் மண்டபத்தில் நடந்த ஆட்டோ எக்ஸ்போவுக்குப் போயிருந்தேன். நானூறு படம் எடுத்தும் தேறியது பத்துகூட இல்லை. பானட் முழுக்க விளக்குப் புள்ளிகள், சில படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டைகள், காரின் மூக்கு வேறு வீங்கித் தெரிகிறது. என்னிடம் இருப்பது 18-55 லென்ஸோடு ஒரு டிஎஸ்எல்ஆர், அப்புறம் போன். அடுத்த முறை என்ன செய்யலாம்? (கோவையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பாத்திரக் கடையில் ஒரு புது எவர்சில்வர் குடத்தைப் படம் எடுத்துப் பாருங்கள். டியூப்லைட் தெரியும், கடைக்காரர் தெரிவார், போனை நீட்டிக்கொண்டு நிற்கும் நீங்களும் தெரிவீர்கள். குடம் எங்கே என்று தேட வேண்டும். பாலிஷ் போட்ட புதுக் காரும் அதே ரகம்தான். வெளியில் நிற்கும்போது வானம் முழுவதும் ஒரே பெரிய விளக்காக இருந்து காரின் வளைவுகளைக் காட்டிக்கொடுக்கும். அரங்குக்குள் கூரையில் வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகள். ஒவ்வொன்றும் பானட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி. இதை எந்த செட்டிங்காலும் சரி செய்ய முடியாது. முதலில் நகர வேண்டியது உங்கள் கால்கள்.

கேமராவைக் கண்ணில் வைக்காமல், காரின் முன்மூலையை அரை வட்டமாகச் சுற்றி நடந்து பாருங்கள். புள்ளிகள் பெயின்ட் மேல் வழுக்கிக்கொண்டே போகும். ஓர் இடத்தில் அவை கலைந்து, கதவுகளின் மேல் விளிம்பை ஒட்டி ஹெட்லைட்டிலிருந்து பின்விளக்குவரை நீளமாக ஒரே ஒளிக்கோடு ஓடும். அங்கே நில்லுங்கள். அந்தக் கோடுதான் காருக்கு உருவம் கொடுக்கிறது. அடுத்து, ஹெட்லைட் உயரத்துக்கு முழங்காலை மடக்குங்கள். நின்றபடி பார்த்தால் பானட்டில் கூரை தெரியும். தாழ்ந்து பார்த்தால் அதே பானட்டில் பின்னால் இருக்கும் சுவர் தெரியும். சுவர் ஒரே நிறமாக இருந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இன்னொன்று, கறுப்பு அல்லது கரும் சாம்பல் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். நான் ஒருமுறை வெள்ளைச் சட்டையில் போய், கறுப்பு செடானின் கதவில் தலையில்லாத ஆவி மாதிரி என் சட்டை மட்டும் நிற்பதை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

மீதிப் பிரதிபலிப்புக்கு ஒரு சர்க்குலர் போலரைசர், அதாவது லென்ஸின் முன்னால் திருகி மாட்டும், பிரதிபலிப்பைக் குறைக்கும் கண்ணாடி வாங்கலாம். லென்ஸின் முகப்பு வளையத்தில் விட்ட அளவு எழுதியிருக்கும், அதே அளவில் கேளுங்கள். மாட்டிக்கொண்டு மெதுவாகத் திருப்பினால் பெயின்டிலும் கண்ணாடியிலும் இருக்கும் மினுமினுப்பு அடங்கும். முழுக்க அடக்கிவிடாதீர்கள், கார் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி செத்துப்போகும். பளபளக்கும் உலோகத்தில் இது அவ்வளவாக வேலை செய்யாது. வரும் ஒளியில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும் என்பதால் ஐஎஸ்ஓவை (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறனை) ஏற்ற வேண்டியிருக்கும். டேஷ்போர்டு திரையைப் படம் எடுக்கும்போது கழற்றிவிடுங்கள், சில கோணங்களில் திரை இருண்டுபோகும். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். அது பானட்டில் இன்னொரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான்.

கறுப்புப் பட்டைகளுக்குக் காரணம் மின்சாரம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கித் தெளியும். கண்ணுக்குத் தெரியாது, 1/500 நொடியில் ஓடும் ஷட்டருக்குத் தெரியும். 1/100 அல்லது 1/50 வைத்தால் ஒவ்வொரு படத்திலும் முழுச் சுற்று அடங்கிவிடும். உங்கள் கேமராவில் ஆன்டி-ஃப்ளிக்கர் (விளக்குத் துடிப்பைச் சமாளிக்கும் வசதி) இருந்தால் போட்டுவிடுங்கள். சத்தமில்லா ஷட்டரைத் தொடாதீர்கள், பட்டையை அது இன்னும் மோசமாக்கும். காரின் பகல் விளக்குகள் தனி வேகத்தில் துடிப்பவை. ஒரு படத்தில் எரியும், அடுத்ததில் அணைந்திருக்கும். அதற்கு நாலைந்து படம் தொடர்ந்து எடுத்து நல்லதை வைத்துக்கொள்வதுதான் வழி. மற்றபடி லென்ஸின் திறப்பு எஃப் 5.6, ஐஎஸ்ஓ 1600 பக்கம், பின்னால் திருத்த வசதியான ரா ஃபைல். வெள்ளைக் கார் அழுக்காக வந்தால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) முக்கால் ஸ்டாப் ஏற்றுங்கள், கறுப்புக் கார் சாம்பலாக வந்தால் இறக்குங்கள். நிறம் மஞ்சளடித்தால், யாராவது கையில் திணிக்கும் நோட்டீஸின் வெள்ளைப் பக்கத்தைக் காருக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, அதை வைத்துப் பின்னால் சரி செய்யலாம்.

வீங்கிய மூக்கு லென்ஸின் குற்றமில்லை, கிட்டே போன குற்றம். போனை 1 எக்ஸ் ஜூமில் வைத்து இரண்டு மீட்டரில் நின்றால் எந்தக் காருக்கும் மூக்கு வீங்கத்தான் செய்யும். 2 எக்ஸ், 3 எக்ஸ் வைத்துப் பின்னால் போங்கள். டிஎஸ்எல்ஆரில் லென்ஸை 35 மி.மீ.க்கு மேல் வையுங்கள். ஆனால் அந்த எக்ஸ்போவில் அறிமுகமான கிரெட்டா எலெக்ட்ரிக்கே 4.34 மீட்டர் நீளம். அதைப் பக்கவாட்டில் முழுதாக அடக்க 35-இல் ஏழெட்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அவ்வளவு இடைவெளியில் நடுவே பத்துப் பேராவது செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் முழுக் கார் படங்களைக் கதவு திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுங்கள், அதுவும் முன்மூலைக் கோணத்தில். கூட்டம் சேர்ந்த பிறகு 55-ஐப் போட்டு ஹெட்லைட், வீல், சீட்டின் தையல் என்று துண்டு துண்டாக எடுங்கள். உள்ளே எடுக்கப் போனின் அல்ட்ரா வைட் போதும். கண்ணாடி இறக்கியிருந்தால் கையை மட்டும் நீட்டி, பின்சீட்டுப் பக்கமிருந்து ஸ்டீயரிங்கைப் பார்த்து எடுங்கள். முன்னால் ஒரு வார்த்தை அங்கே நிற்கும் பணியாளரிடம் கேட்டுவிடுங்கள். துணியோடு நிற்கும் அவரிடம் நட்பாக இருந்தால், கதவில் இருக்கும் கைரேகைகளையும் உங்களுக்காக ஒருமுறை துடைத்துக் கொடுப்பார்.