அத்தை அழுததையும் எழுதலாமா?

கேள்வி: என் அத்தை எட்டு வருஷம் டயாலிசிஸ் செய்துகொண்டு, போன வருஷம் இறந்துபோனார். வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் கோயிலுக்குப் போக வேண்டும் என்பதற்காகவே செவ்வாய், வியாழன், சனி என்று முறை கேட்டு வாங்கியவர். வருஷத் திதியன்று அவரைப் பற்றி எழுதிப் படிக்கப்போகிறேன். "ஒரு நாளும் கலங்காதவள்னு எழுது" என்கிறார் மாமா. ஆனால் "முடியலடி, நிறுத்திடலாம்னு இருக்கு" என்று அத்தை என்னிடம் அழுதிருக்கிறார். அதை மறைத்துவிடவா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மறைக்க வேண்டாம் சகோதரி. அப்படி அழுத பிறகும் அடுத்த முறைக்குப் போய்ப் படுத்தாரே, அவருடைய தைரியம் அங்கேதான் இருக்கிறது. அழுததை எடுத்துவிட்டால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம், கையில் இரண்டு தடித்த ஊசி. திதிக்கு வரும் உறவினர் பலருக்கு இது தெரியாது. சிறுநீர் குறைந்துபோனவர்களுக்குக் குடிக்கும் தண்ணீரே உடம்பில் தேங்கி மூச்சு திணறும். சித்திரை வெயிலிலும் அத்தை அளந்துதான் குடித்திருப்பார். பொட்டாசியம் அதிகம் என்பதால் இளநீருக்கும் தடை. எந்த டம்ளரில் அளந்தார், தாகம் தாங்காதபோது என்ன செய்தார் என்று எழுதுங்கள். ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம், அது போட்ட கையால் பாரம் தூக்கக் கூடாது. தண்ணி லாரி வந்தால் அவருக்காகக் குடம் தூக்கியது யார்? அவர்கள் பெயரும் வரட்டும்.

அப்புறம் பக்தி. பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என மூவரையும் ஒரே நாளில் தரிசிப்பது நம் பக்கத்து வழக்கம். அத்தைக்கும் அது இருந்ததா? நோய் வந்த பிறகு முடிந்ததா? மாமாவைக் கேளுங்கள். ஆனால் நம்பிக்கை இருந்ததால்தான் எட்டு வருஷம் இருந்தார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதே அம்மனை அதே அளவு வேண்டியும் ஆறே மாதத்தில் ஒருவரைப் பறிகொடுத்தவர் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கலாம். சனிக்கிழமை ஊசியை நினைத்துக்கொண்டே வெள்ளிக்கிழமை சந்நிதியில் நின்றார், அதை எழுதினாலே அவருடைய நம்பிக்கை எல்லோருக்கும் புரியும்.

எழுதியதை மாமாவிடம் முன்னாலேயே தனியாகப் படித்துக் காட்டுங்கள். அவர் பொய் சொல்லவில்லை. அவர் உடைந்துவிடக் கூடாது என்று அத்தை அவர் முன்னால் கலங்காமலே இருந்திருப்பார். இப்போது உங்கள் வாயால் கேட்கும்போது அவருக்கு வலிக்கும், கூடவே இருங்கள். அழுததைச் சபையில் படிக்க வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டால், சரி, விட்டுவிடுங்கள். "பயம் இருந்தது, ஆனாலும் போனார்" என்ற ஒரு வரி மட்டும் இருக்கட்டும். மீதியை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அத்தையின் பிள்ளைகள் என்றைக்காவது உங்களிடம்தான் கேட்பார்கள்.