நாய் நேராக ஓடுவது இருக்கட்டும், ஆடு ஏன் சுற்றுகிறது?

கேள்வி: ஐயா, நான் பெங்களூரு ஹலசூருவில் இருக்கிறேன். கனகபுராவுக்கு அப்பால் ஒரு பாறைக்குன்றின் அடியில் 4 ஏக்கர் நிலம், 28 பன்னூர் செம்மறிகள். நியூசிலாந்தில் 3 வருடம் வேலை பார்த்தபோது அங்கே மலைச்சரிவில் நடக்கும் ஆட்டுநாய்ப் போட்டிகளைப் பார்த்து ஆசை பிடித்துக்கொண்டது. திரும்பி வந்ததும் ஒரு பார்டர் கோலி பெட்டைக்குட்டி வாங்கினேன். இப்போது அதற்கு 16 மாதம். ஜனவரியில் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து என் குன்றிலேயே சின்னதாக ஒரு போட்டி வைக்கலாம் என்றிருக்கிறோம். ஆனால் மேலே மேய்கிற ஆடுகளைக் கொண்டுவர அனுப்பினால், சுற்றிப் போகாமல் நேராகப் பாய்கிறது. ஆடுகள் சிதறிப் பாறை இடுக்குகளில் ஏறிவிடுகின்றன. நீளக் கயிறு, விசில் எல்லாம் பார்த்தாயிற்று. நாயை விற்றவர், கழுத்தில் கட்டி ஷாக் கொடுக்கிற மின்பட்டை வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

(கூடவே ஒன்று: ஏழெட்டு மாத ஆட்டுக்குட்டிகள் இரண்டு தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு வட்டம் போடுகின்றன. மருந்துக்கடையில் ஐவர்மெக்டின் ஊசியும் வைட்டமினும் கொடுத்தார்கள். ஒன்று தேறவில்லை, போன வாரம் அறுத்துவிட்டோம்.)

பதில்: தம்பி, பட்டை வேண்டாம். ஆட்டைப் பார்த்த நேரத்தில் கழுத்தில் ஷாக் அடித்தால், நாய் அதை ஆட்டோடுதான் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அப்புறம் ஆடு என்றாலே வாலை ஒடுக்கிக்கொண்டு வண்டிக்கடியில் போய்ப் படுக்கும். உங்களுக்கு விற்றவருக்கு நாயும் தெரியாது, ஆடும் தெரியாது. பட்டையில் கமிஷன் மட்டும் தெரியும். அவர் கொடுத்த காகிதத்தில் தாத்தா பாட்டி பெயர் வரிசையாக இருக்கும். அந்தத் தாத்தா ஒரு ஆட்டையாவது திருப்பியிருக்கிறதா என்று அதில் இருக்காது.

நாய் நேராகப் பாய்வது நாயின் குற்றம் இல்லை. உங்கள் காலடியிலிருந்து அனுப்புகிறீர்கள், ஆடு மேட்டில் கண்ணெதிரே நிற்கிறது, நாய் கோடு போட்டாற்போல் ஓடாமல் வேறென்ன செய்யும்? மேட்டை மறந்துவிட்டுச் சமதரையில் 30 மீட்டரிலிருந்து தொடங்குங்கள். ஆட்டுக்கும் நாய்க்கும் நடுவே நீங்கள் நில்லுங்கள். நாய் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் நீங்கள் நகர்ந்தால், அது தானாகவே அகலமாக வளையும். கடிகாரத்தின் நடுவில் ஆடு நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், நீங்கள் 6-ல் இருக்கும்போது நாய் 12-க்குப் போய் நிற்க வேண்டும். அங்கே போனதும் படுக்க வையுங்கள். இது பழகிய பிறகுதான் தூரம், அதற்கும் பிறகுதான் மேடு.

மேட்டில் இன்னொரு சிக்கல். மிரண்ட செம்மறி மேல்நோக்கித்தான் ஓடும். அதனால் ஆடு பார்ப்பதற்கு முன்பே நாய் அதற்கு மேலே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பிரிட்டனில் சர்வதேச ஆட்டுநாய்ச் சங்கம் 1906-ல் தொடங்கியது. அதன் போட்டி விதியில் மொத்தம் 100 புள்ளி: சுற்றிப் போவதற்கு 20, ஆட்டை முதன்முதலில் அசைப்பதற்கு 10, ஆள் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவருவதற்கு 20, ஓட்டிப் போவதற்கு 30, பிரித்தெடுப்பதற்கு 10, பட்டியில் அடைப்பதற்கு 10. அசைப்பதற்கு மட்டும் ஏன் தனியாகப் பத்து? அந்த ஒரு நொடியில் நாய் மிரட்டினால் பாக்கி ஓட்டமெல்லாம் குலைந்துவிடும் என்பதால்தான். உங்கள் நாய் தோற்பது அந்த இடத்தில்.

பன்னூர் ஆட்டுக்குக் குட்டைக் கால், உருண்ட உடம்பு. கையால் தீனி வாங்கிப் பழகியது வேறு. ஆளைக் கண்டால் கிட்டே வரும், நாயைக் கண்டால் முட்ட நிற்கும். ஆகவே நாயைப் பழக்குவதற்கு முன் ஆட்டை நாய்க்குப் பழக்குங்கள். எட்டு ஆடுகளை மட்டும் பிரித்து, கயிற்றில் பிடித்த நாயோடு பத்து நாள் சும்மா கூட நடங்கள்.

பாறை நிறைந்த குன்றுக்குப் பார்டர் கோலி பொருத்தமா என்றே எனக்குச் சந்தேகம். அது கண்ணால் மிரட்டும் நாய். உருண்டைப் பாறைக்குப் பின்னால் நிற்கிற ஆட்டுக்குக் கண் எப்படித் தெரியும்? நியூசிலாந்தில் இதற்கென்றே குரைத்து ஓட்டுகிற ஹண்ட்அவே நாயை வளர்த்தெடுத்தார்கள், அதற்குப் போட்டியும் தனி. இங்கே அந்த வேலையைக் குருபர்கள், அதாவது கர்நாடகத்து ஆட்டிடையர்கள், தங்கள் தொண்டையாலேயே செய்துகொள்கிறார்கள்! முதோல், ராஜபாளையம் நாய்களைக் கொண்டு முயற்சி செய்யலாமா என்று உங்கள் நண்பர்கள் கேட்பார்கள். அவை துரத்தவும் காவலுக்கும், மந்தையை வளைக்க அல்ல. வெயில் ஏறிய பாறையில் பயிற்சி வேண்டாம்; காலை ஆறரைக்குப் பத்து நிமிஷம் போதும். மாலையில் குன்றுப் பக்கம் விடவே விடாதீர்கள். அந்தப் பக்கம் சிறுத்தை உண்டு, நாய் அதற்குப் பிடித்த தீனி.

சரி, நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே இரண்டு வரி, அதுதான் கடிதம். மேலே உள்ளதெல்லாம் பொழுதுபோக்கு.

அறுத்த குட்டியின் தலை எங்கே போனது? நீங்கள் எழுதவில்லை. பெங்களூரில் தலைக்கறி விற்கிற விலைக்கு நல்ல ஆட்டின் தலையை யாரும் நாய்க்குப் போடுவதில்லை. ஆனால் கிறுகிறுத்துச் சுற்றிய ஆட்டின் தலையைச் சாப்பிட மனம் வராது. "இதை நாய்க்குப் போடு" என்பார்கள். எந்தத் தலையைப் போடவே கூடாதோ, சரியாக அதைத்தான் போடுகிறோம்.

கால்நடை மருத்துவனாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படிச் சுற்றிய ஒரு குட்டியைப் பிரேதப் பரிசோதனை செய்தேன். மண்டையின் ஒரு பக்கம் கட்டைவிரலால் அமுக்கினால் எலும்பு பழைய தகரம் மாதிரி உள்ளே போனது. திறந்தால் மூளைக்குள் எலுமிச்சம்பழ அளவில் ஒரு நீர்ப்பை, தண்ணீர் தெளிவாக. உட்சுவரில் ஜவ்வரிசி ஒட்டினாற்போல் கொத்துக்கொத்தாக வெள்ளைப் புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் ஒரு நாடாப்புழுவின் தலை. நாய் அதைத் தின்றால் ஒவ்வொன்றும் அதன் குடலில் புழுவாக நீளும். முட்டை நாயின் மலத்தோடு புல்லில் விழும், புல்லோடு ஆட்டுக்குள் போகும், மூளைக்கு ஏறும். ஆடு சுற்ற ஆரம்பிக்க மாதக்கணக்காகும். ஆகவே உங்கள் நாய்தான் தொடக்கம் என்று நான் சொல்லவில்லை, ஊர் நாயாகவும் இருக்கலாம். ஆனால் அந்தத் தலை உங்கள் பட்டியிலேயே போடப்பட்டிருந்தால் இனிமேல் உங்கள் நாயும் கணக்கில் உண்டு. அதைத்தான் 28 ஆடுகளுக்கு நடுவே தினமும் ஓடவிடப் போகிறீர்கள்.

இங்கே மருந்துக்கடைக்காரரைத் திட்டாமல் இருக்க முடியவில்லை. ஐவர்மெக்டின் நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது, மூளையில் உள்ள பையை அசைக்கக்கூட முடியாது. ஆனால் எது வந்தாலும் அந்த ஊசிதான். மிச்சத்தை நாய்க்கும் போடச் சொல்வார்கள், போடாதீர்கள். கோலி வகை நாய்கள் சிலவற்றில் இருக்கும் ஒரு மரபணுக் குறையால், ஆட்டுக்குப் போடும் அளவே அவற்றை நடுங்கி விழ வைக்கும். பார்டர் கோலியில் அது அபூர்வம்தான். உங்களுடையது எது என்று பார்க்க ஊசியையா சோதனையாக வைப்பது?

நாய்க்குத் தேவை நாடாப்புழுவைக் கொல்லும் பிராசிகுவான்டெல் மாத்திரை. 10 கிலோ எடைக்கு 50 மில்லிகிராம், ஆறு வாரத்துக்கு ஒருமுறை. "பூச்சி மாத்திரை" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், பைரான்டெல் மட்டும் உள்ளதைக் கொடுத்துவிடுவார்கள், அது உருளைப்புழுவுக்கு. அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்து வாங்குங்கள். மாத்திரை புழுவைத்தான் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் கொடுத்து இரண்டு நாள் நாயைக் கட்டிவைத்து, மலத்தை அள்ளி ஆழப் புதையுங்கள். பச்சைத் தலை, ஈரல், நுரையீரல் இனி கிடையாது. போட்டே ஆக வேண்டுமென்றால் நன்றாக வேகவைத்துப் போடுங்கள். ஈரலையும் நுரையீரலையும் ஏன் சேர்த்தேன் என்றால், அதில் வரும் நீர்க்கட்டிக்குக் காரணம் இன்னொரு நாடாப்புழு. அதன் முட்டை நாயின் ரோமத்திலிருந்து உங்கள் கைக்கு வந்து, உங்கள் ஈரலிலேயே கட்டி வைக்கும்.

நியூசிலாந்தில் ஓட்டம் பார்த்தீர்கள், பின்கதை பார்க்கவில்லை. ஈரல் கட்டி அங்கே பெரிய தொல்லையாக இருந்து, 1959-ல் சட்டமே போட்டார்கள். ஊர் ஊராக நாய்களை ஓரிடத்துக்குக் கொண்டுவரச் செய்து, அதிகாரி முன்னால் பேதி மருந்து கொடுத்துப் புழுவைத் தேடினார்கள். அந்த மருந்து அரிக்கோலின், நம் கொட்டைப்பாக்கில் இருக்கிற சரக்குதான். (வீட்டுப் பாக்கை இடித்துக் கொடுத்துவிடாதீர்கள், அளவு தப்பினால் நாய் போய்விடும்.) பிறகு பிராசிகுவான்டெல் வந்தது. 2002-ல்தான் அந்த நோய் ஒழிந்ததாகத் தற்காலிகமாக அறிவிக்க முடிந்தது. அங்கே ஆட்டுநாய் வைத்திருப்பவனுக்கு விசிலும் மாத்திரையும் ஒரே பையில்.

மிச்சமுள்ள குட்டிக்கு நாய் மாத்திரை உதவாது. இது லிஸ்டீரியா கிருமியாகவும் இருக்கலாம், மூக்கில் புகுந்த ஈப்புழுவும் இப்படித் தடுமாற வைக்கும். ஒரு பக்கக் கண் மங்கியிருக்கிறதா, காய்ச்சல் உண்டா என்று பார்க்க வேண்டும். உயிரோடு வண்டியில் ஏற்றி ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். கட்டி மேலாக இருந்தால் அறுவை செய்து எடுக்கலாம். செத்துப்போனால் தலையை யாரிடமும் கொடுக்காமல் அவர்களிடமே ஒப்படையுங்கள்.

ஜனவரியில் நண்பர்களின் நாய்களும் வரப்போகின்றன. வருவதற்கு ஒரு வாரம் முன்பே நாலுக்கும் மாத்திரை கொடுத்திருக்க வேண்டும், அட்டையின் படத்தை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பாதவர் நாயைக் காரிலேயே வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கட்டும்.